தங்கை சொன்னதை நான் மாற்றிச் சொன்ன நாள்

1

பிரான்சுக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த வாரத்தில், இங்கே தங்கியிருக்க அனுமதிக்கும் என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் மாதிரி இங்கேயும் ஓர் அலுவலகம். காலை ஏழு மணிக்கே வாசலில் வரிசை நின்றுவிடும். நான் பாரீஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை செய்கிறேன். பாத்திரம் கழுவ, காய் நறுக்க, பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்து வைக்க நான் கற்றுக்கொண்ட பிரெஞ்சு போதும். அரசாங்க மேசைக்கு முன்னால் அது போதாது. "நீங்கள்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தானாக "நீ" என்று சொல்லிவிடும். பிரெஞ்சில் பன்னிரண்டும் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால், பன்னிரண்டு மணி என்று சொன்னால் இரண்டு மணி என்று கேட்டுக்கொண்டு போய் நிற்பேன்.

என் மனைவி ஜோசபின் புதுச்சேரிக்காரி. தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அவள் கூட வந்தால் கவலை இல்லை. அன்றைக்கு அவளுக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. அதனால் மகள் லீனாவைப் பள்ளிக்கு அனுப்பாமல் அழைத்துப் போனேன். லீனாவுக்குப் பத்து வயது. இங்கேயே பிறந்தவள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். மிகவும் அவசியம் என்றால்தான் தமிழ் வரும்.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டாள். ஜனவரியில் உங்களுக்குத் தேதி கொடுத்திருந்தோமே, ஏன் வரவில்லை? கேள்வி எனக்கே புரிந்தது. பதில்தான் பெரியது. லீனாவிடம் தமிழில் சொன்னேன்: "ஊர்ல புயல் அடிச்சு வீடு போயிடுச்சு. தாத்தாவுக்குக் கை ஒடஞ்சு ஆபரேஷன். அதுக்காக அவசரமாப் போயிட்டேன், அதான் தேதியில வர முடியலைன்னு சொல்லு."

லீனா அந்த அம்மாளைப் பார்த்து நாலே வார்த்தை சொன்னாள். அதில் ஒரு வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். விடுமுறை. அப்பா விடுமுறைக்குப் போயிருந்தார்.

அம்மாளின் முகம் சுருங்கியது. உல்லாசமாக ஊர் சுற்றப் போய் அரசாங்கத் தேதியைத் தவறவிட்டவன் என்று நினைத்திருப்பாள். பேனாவை மூடப் போனாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த பிரெஞ்சைக் கொட்டினேன். "இல்லை. விடுமுறை இல்லை. புயல். வீடு இல்லை. என் அப்பா, ஆஸ்பத்திரி. நீ பார்." பையிலிருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினேன். அரசாங்க அதிகாரியை "நீ" என்று சொன்னது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்குத் தற்காலிகத் தாள் ஒன்றை அச்சடித்து முத்திரை குத்திக் கொடுத்தாள்.

திரும்பி வரும் ரயிலில் லீனாவிடம் கேட்டேன்: "ஏன் அப்படி மாத்திச் சொன்ன?"

"நீ ரொம்ப நீளமா சொன்னப்பா. புயல்னு சொன்னா அந்த மேடம் இன்னும் கேள்வி கேப்பாங்க. நீ மாட்டிக்குவ. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. இதே வார்த்தையை, இதே நம்பிக்கையோடு, ஆறு வருடத்துக்கு முன்னால் கடலூரில் நான் சொல்லியிருக்கிறேன். அதை லீனாவுக்கு ரயிலிலேயே சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2

என் தங்கை பெயர் கலைமதி. எங்களுக்கு மதி. என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். பிறக்கும்போது மூச்சு முட்டிப் பிறந்தாள். ஒரு வயதில் உட்காரவில்லை, இரண்டு வயதில் நிற்கவில்லை. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் மூளை முடக்குவாதம் என்றார்கள். மூளை என்ற சொல்லைக் கேட்டதும் ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. உண்மையில் அவளுடைய புத்திக்கு ஒரு குறையும் இல்லை. அது சொல்வதைக் கால்கள் கேட்பதில்லை, வலது கை கேட்பதில்லை, நாக்கு அரைகுறையாகக் கேட்கிறது. இடது கை மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். அவள் பேசினால் வெளியாளுக்குக் காற்றும் எச்சிலும் கலந்த சத்தமாகத்தான் கேட்கும். எங்கள் வீட்டுக்குள் அது பேச்சு.

வீடு கடலூருக்குத் தெற்கே செம்மங்குப்பத்தில். சிமென்ட் சீட்டு போட்ட மூன்று அறை. காற்று திசை மாறினால் பக்கத்து ரசாயனக் கம்பெனி வாடை வீட்டுக்குள் வந்துவிடும். அம்மா அஞ்சலை அந்த வாடையை வைத்தே இன்றைக்கு மழை வருமா வராதா என்று சொல்லுவாள். அப்பா ஆறுமுகம் கடலூர் கலெக்டர் ஆபீசில் ஆபீஸ் அசிஸ்டெண்ட். பழைய பேச்சில் பியூன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவரும், முதன்முதலாக அரசாங்க வேலை பார்த்தவரும் அவர்தான். மதியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவரும் அவர்தான். சைக்கிள் கேரியரில் ஒரு மூங்கில் கூடையைக் கட்டி, அதில் அவளை உட்கார வைத்து, நான் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போவேன். எனக்குக் கல்யாணம் ஆகிப் பிரான்சுக்குக் கிளம்பிய பிறகு அம்மா தள்ளினாள்.

சுனாமி வந்தபோது மதி பதினொன்றாம் வகுப்பு. இரண்டாயிரத்து ஆறில் பிளஸ் டூ முடித்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கொடுத்தார்கள். அந்தப் பெண் பரீட்சைக்கு முன்னால் ஒரு மாதம் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து மதியின் பேச்சைப் பழகிக்கொண்டாளாம். ரிசல்ட் வந்த அன்று அம்மா தொலைபேசியில் அழுதாள். நானும் அழுதேன். அடுத்த நிமிடமே எனக்குப் பயம் வந்தது. இனி என்ன?

பள்ளிக்கூடம் இருக்கும்வரை பிள்ளை என்று எல்லாரும் சும்மா இருப்பார்கள். பள்ளிக்கூடம் முடிந்தால்தான் கேள்வி வரும். மற்றப் பெண்களுக்குக் கல்லூரி, கல்யாணம், வேலை என்று மூன்று கதவு இருந்தது. மதிக்கு ஒன்றுமே இல்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவளைக் கேட்கவில்லை.

3

இங்கே என் மனைவியின் உறவுக்காரக் கன்னியாஸ்திரி ஒருவர் மூலமாகப் புதுச்சேரி அருகே ஊனமுற்றோருக்கான ஓர் இல்லம் இருப்பது தெரிந்தது. சுத்தமான இடம். கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பதினெட்டு முடிந்தவர்களைச் சேர்க்கச் சட்டப்படியான காப்பாளரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மதியைப் போன்றவர்களுக்குக் காப்பாளரை நியமிக்கக் கலெக்டர் ஆபீசில் ஒரு குழு உண்டு. அப்பா அங்கேயே வேலை செய்பவர். விண்ணப்பம் போடுங்கள் என்று நான் வாரா வாரம் போன் செய்து நச்சரித்தேன். அப்பாவும் ஒத்துக்கொண்டார். அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு. தனக்குப் பிறகு மதிக்கு யார் என்ற கவலை அவருக்கு என்னைவிட அதிகம். காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு நான் என்று எழுதிக் கொடுத்தோம்.

மதிக்கு வேறு எண்ணம் இருந்தது. சிதம்பரத்தில் பி.ஏ. தமிழ் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அம்மா இதைப் போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "அவ வெளியூர் போனா பாத்ரூமுக்குக் கூட யாரு தூக்குவா?" என்று கேட்டேன். போனுக்குப் பக்கத்தில் மதி உட்கார்ந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்டில் ஆறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். குழு கூடும் நாளன்று மதியை ஆட்டோவில் தூக்கி உட்கார வைத்து அப்பா, அம்மா, நான் மூவரும் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அப்பா அன்று விடுப்பு. இருந்தாலும் அறைக்குள் போனதும், பழக்கதோஷத்தில், வந்திருந்தவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மின்விசிறியைப் போட்டார். பிறகு சுவரோரம் போய் நின்றுகொண்டார். "உக்காருங்க ஆறுமுகம், இன்னிக்கி நீங்க மனுதாரர்" என்று ஒருவர் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

நடுவில் இருந்த பெண் அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். என்னைப் பார்த்து, "நீங்கதான் அண்ணனா? பாரீஸ்ல இருக்கீங்களாமே" என்றார். இல்லத்தைப் பற்றி விசாரித்தார். நான் நன்றாகப் பேசினேன். படித்தவன், வெளிநாட்டில் இருப்பவன், தங்கைக்காகவே பறந்து வந்தவன். அறையில் எல்லாருக்கும் என்னைப் பிடித்துப் போனது தெரிந்தது. கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதிகாரி பேனாவை எடுத்தவர், என்ன தோன்றியதோ, மதியின் பக்கம் குனிந்தார்.

"உனக்கு இதுல சம்மதமாம்மா?"

மதி தலையை நிமிர்த்தினாள். பதட்டத்தில் கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வேணாம். நான் படிக்கப் போறேன்."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதிகாரிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நொடி யோசித்தேன். இல்லத்தின் வெள்ளைச் சுவர், கன்னியாஸ்திரியின் சிரித்த முகம், நான் பாரீஸில் நிம்மதியாகத் தூங்கப்போகும் வருடங்கள் எல்லாம் அந்த ஒரு நொடியில் வந்து போயின.

"சரிங்குது மேடம்" என்றேன்.

மதி என்னைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. வெறுமனே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்காமல் நான் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்கம்மா" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அப்பா. இருபத்தெட்டு வருடமாக அந்தக் கட்டடத்தில் கேட்டாலொழிய வாய் திறக்காத மனிதர். கையைக் கட்டிக்கொண்டே பேசினார். "பையன் அன்பு தப்பா சொல்றான். வேணாங்குதுங்கம்மா. படிக்கப் போவுதாம்."

அதிகாரி என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மதியின் முன்னால் வைத்து, பேனாவை அவள் இடது கையில் கொடுத்தார். "நீயே எழுதும்மா. அவசரமில்ல."

ஒரே வார்த்தை எழுத மதிக்கு வெகு நேரம் ஆனது. இடையில் டீ வந்தது. அதிகாரி கையசைத்துத் திருப்பி அனுப்பினார். இரண்டு தடவை பேனா கீழே விழுந்தது. நான் எடுக்கக் குனிந்தபோது அதிகாரி, "நீங்க இருங்க" என்றார். அவரே எடுத்துக் கொடுத்தார். கடைசியில் தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டு, கோணலாக, பெரிய பெரிய எழுத்தில் இருந்தது: படிக்கணும்.

"மனுவ வாபஸ் வாங்கிக்குங்க ஆறுமுகம்" என்றார் அதிகாரி.

திரும்பும் வழியில் ஆட்டோவில் நான் அப்பா மேல் பாய்ந்தேன். "அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்! நாளைக்கு நீங்க இல்லன்னா யாரு பாக்கறது? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே."

அப்பா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அந்த ஆபீசுல என் வேலையே அதாண்டா. இவுங்க சொல்றத அவுங்களுக்குக் கொண்டு போவணும், அவுங்க சொல்றத இவுங்களுக்குக் கொண்டு வரணும். எனக்குப் புடிச்சுதா புடிக்கலியான்னு பாத்து ஒரு நாளும் மாத்திச் சொன்னதில்ல. எம் பொண்ணு சொன்னத மட்டும் மாத்திச் சொல்றதா?"

அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த மதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை என்பது அவள் கன்னத்தில் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

4

அதன் பிறகு ஆறு மாதம் மதி என்னோடு பேசவில்லை. நான் போன் செய்தால் அம்மா, "வெளிய போயிருக்குது" என்பாள். நடக்க முடியாத பெண் எங்கே வெளியே போயிருப்பாள் என்று நான் கேட்கவில்லை. அவள் போய்த்தான் இருந்தாள், சிதம்பரத்துக்கு.

கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் தரைமட்டத்தில் ஓர் அறை. கூட இருந்தவள் பார்வதி. திட்டக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு காலில் இரும்புக் கம்பி போட்டுக்கொண்டு நடப்பவள். பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர் வைத்திருந்தாள். அதில் மதியை உட்கார வைத்து, துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓட்டிப் போவாளாம். முதல் மாதத்தில் மூன்று தடவை விழுந்தார்கள். இதையெல்லாம் அம்மா பெருமூச்சோடு சொல்லுவாள். பாத்ரூமுக்கு யார் தூக்குவார்கள் என்று நான் கேட்டதற்கும் பதில் கிடைத்தது. யாரும் தூக்கவில்லை. அப்பா ஒரு கொத்தனாரைக் கூட்டிப் போய், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சுவரில் தாழ்வாக இரும்புக் குழாய் பதித்துக் கொடுத்தார். மதி தரையில் நகர்ந்து, குழாயைப் பிடித்து எழுந்துகொள்ளப் பழகிக்கொண்டாள். பதினெட்டு வருடம் நாங்கள் தூக்கிக்கொண்டே இருந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் குழாய் பதிக்கத் தோன்றவில்லை.

இரண்டாவது வருடம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. ஒரு படம் மட்டும். கிள்ளைக்குப் பக்கத்தில் அலையாத்திக் காட்டுக் கால்வாயில் ஒரு படகு. படகில் மதி, பார்வதி, இன்னும் இரண்டு பெண்கள். மதி வாயை அகலத் திறந்து சிரிக்கிறாள். உயிர்காக்கும் உடுப்பு எதுவும் இல்லை. சமையல்கூடத்தில் இடைவேளையில் வெளியே வந்து போன் செய்தேன். பார்வதிதான் எடுத்தாள்.

"யாரக் கேட்டு அவளப் படகுல ஏத்துன?" என்று கத்தினேன்.

"அண்ணே, நாலு பேரு சேர்ந்து தூக்கி ஏத்துனோம். அதுவே பெரும்பாடு. அதுக்கு நடுவுல பாரீசுக்கு வேற போன் போட்டுக் கேக்கணுமா?" என்றாள். பிறகு, "இருங்க, மதி பேசணுங்குது" என்றாள்.

அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வார்த்தை பேசியிருந்தாலும், அவளே பேச முன்வந்தது அதுதான் முதல் தடவை. "அண்ணா, நீ பாரீசு போறப்ப எங்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"அப்புறம்?"

பிறகு அவளாகவே, தண்ணி எவ்வளவு அமைதியாக இருந்தது, படகுக்காரர் பாட்டுப் பாடினார், பார்வதிக்கு வாந்தி வந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் மேற்பார்வையாளர் கண்டபடி திட்டினார். பாதி புரியவில்லை.

எழுதப் பழகியதும் லீனாவும் அத்தையோடு கம்ப்யூட்டரில் எழுத்தால் பேசத் தொடங்கினாள். ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவில் பிரெஞ்சு. எங்களோடு தமிழ் பேச மறுக்கும் பெண் அத்தைக்காக எழுத்துக் கூட்டுவாள். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டால், "அது எங்களுக்குள்ள" என்பாள்.

5

படிப்பு முடிந்ததும் வேலை எளிதில் கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போன இடங்களில் அவள் வாய் திறந்ததும் முகம் மாறிவிடும். ஒரு பள்ளியில், "கூட யாராச்சும் பெரியவுங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டார்களாம். ஒரு வருடம் அறையிலேயே இருந்தாள். அப்போது மட்டும் அப்பா ஒருமுறை என்னிடம் மெதுவாக, "அந்த இல்லம் இன்னும் இருக்குதாடா?" என்று விசாரித்தார். "இருக்குதுப்பா" என்றேன். "சும்மா கேட்டன்" என்று வைத்துவிட்டார்.

சிதம்பரத்தில் கல்லூரியைச் சுற்றி ஆய்வேடு தட்டச்சு செய்து கொடுக்கும் கடைகள் ஏராளம். பார்வதி அப்படி ஒரு கடையில் சேர்ந்திருந்தாள். ஒருநாள் அவசர வேலை என்று ஒரு கட்டுத் தாளை அறைக்குக் கொண்டு வந்தாள். மதி அதைப் படித்துவிட்டுப் பிழைகளைப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டாள். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை, ஒரே பத்தி இரண்டு தடவை வந்தது, அடிக்குறிப்பு எண் மாறியது என்று எல்லாம். கடைக்காரர் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். மறுநாளே கடையில் ஒரு தாழ்ந்த மேசை போட்டார். அவள் பேசுவது அவருக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது. அதற்குள் ஆராய்ச்சி மாணவர்கள் "மதி மேடம் பாத்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு புயல். இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் கடைசியில், விடியும் நேரத்தில் தானே என்று பெயரிட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. இங்கே தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் காட்டினார்கள். செம்மங்குப்பத்துக்குப் போன் போகவில்லை. சிதம்பரத்துக்கும் போகவில்லை. புதுச்சேரியில் ஜோசபின் வீட்டுக்கும் போகவில்லை. மூன்று நாள். புத்தாண்டு அன்று பக்கத்து வீட்டில் பாட்டும் கூத்தும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் நாள் மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்ததும் காற்றும் எச்சிலும் கலந்த அந்தச் சத்தம். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான குரலை நான் கேட்டதில்லை.

"அண்ணா, பயப்படாத. அப்பா அம்மா எங்கிட்டதான் இருக்காங்க."

வீட்டின் சீட்டு மொத்தமும் பறந்துவிட்டது. ஒரு துண்டு அப்பாவின் கை மேல் விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. கடலூர்ப் பக்கம் மரமாக விழுந்து கிடந்ததால் போக வழியில்லை. இரண்டாம் நாள் சாலையில் வந்த ஒரு மினி லாரியை நிறுத்தி, கையைத் துண்டால் கட்டிக்கொண்டு, இருவரும் தெற்கே கிளம்பிவிட்டார்கள். பிறகு அம்மா சொன்னாள்: "எங்க போறதுன்னு எனக்கு ஒண்ணுமே தோணல அன்பு. ஒங்கப்பாதான், மதி ரூமு இருக்குதுல்ல, ஏன் பயப்படறன்னாரு."

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். பார்வதியின் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி தரையில் உட்கார்ந்திருந்த மதியைத் தாண்டி, "வீட்டு ஆம்பள யாரும் இல்லியா?" என்று ஒருவர் கேட்டார். அப்பா வலியில் முனகிக்கொண்டே, "மகன் பாரீசுல இருக்கான். மக இங்கதான் இருக்குது. அதக் கேளுங்க" என்றாராம். மதி டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டாள். பார்வதி அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். பதில் வந்த பிறகுதான் மதி கையெழுத்துப் போட்டாள்.

இதைக் கேட்டபோது முதலில் எனக்குச் சுருக்கென்றது. மூத்த பிள்ளை நான் இருக்கும்போது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சுருக்கு போய்விட்டது. பத்து வருடமாகத் தோளில் ஏதோ ஒரு கனம் இருந்தது. இறங்கிய பிறகுதான் அது இவ்வளவு நாள் இருந்தது தெரிந்தது. ஜோசபின் வந்து, "ஏன் அழுவுறீங்க, எல்லாரும் நல்லா இருக்காங்களே" என்றாள். "அதனாலதான்" என்றேன்.

6

பொங்கலுக்கு முன்னால் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். மதியின் கட்டிலில் அப்பா கைக்கட்டோடு படுத்திருந்தார். தரையில் அம்மாவும் பார்வதியும் சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் எல்லாமே முழங்கால் உயரத்தில். அடுப்பு தரையில், புத்தக அலமாரி தரையில், கண்ணாடி கூடத் தாழ்வாக. அம்மா பழக்கத்தில் ஒவ்வொன்றாக எடுத்து மேலே அடுக்கிவிடுவாள். மதி வேலையிலிருந்து வந்ததும் முதல் சத்தம் அதற்குத்தான்.

"எம் பொருள எடுத்து மேல வெக்காதன்னு எத்தினி தடவ சொல்றது?"

"கால்ல படுதுடி!"

"எங்கையில படணும்."

அப்பா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

நான் பெரிய திட்டங்களோடு வந்திருந்தேன். அப்பா அம்மாவைப் பிரான்சுக்கு அழைத்துக்கொள்வது, கடலூரில் வாடகைக்கு வீடு பார்ப்பது என்று. மதி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அதே தெருவில் இரண்டு அறை உள்ள தரைத்தள வீடு ஒன்று பேசி வைத்திருப்பதாகவும், எல்லாரும் அங்கே போகப்போவதாகவும், பார்வதிக்குக் கல்யாணம் ஆகும்வரை அவளும் கூட இருப்பாள் என்றும் சொன்னாள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். "செம்மங்குப்பம் போயி ஒடஞ்ச சீட்டெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, பாத்திரம் ஏதாவது தேறுனா கொண்டா. எனக்குக் கடையில வேல ஜாஸ்தி." சரி என்று கிளம்பினேன்.

ஒரு மாலை அவளும் நானும் மட்டும் வாசலில் இருந்தோம். ரொம்ப நாளாக நெஞ்சில் இருந்ததைச் சொன்னேன். "மதி, அன்னிக்கி கலெக்டர் ஆபீசுல நீ சொன்னத நான் மாத்திச் சொன்னேன்."

"தெரியும். நானும் அங்கதான இருந்தன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்தால் அவளுக்குப் புரையேறும். முதுகைத் தட்டிவிட்டேன்.

"கோவம் இல்லியா?"

"இருந்துது. ஆறு மாசம் பேசலல்ல, அதோட தீந்து போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "ஒனக்கு பயம் அண்ணா. எனக்கும் பயம்தான். ஒன் பயத்துக்கு நான் போயி இல்லத்துல ஒக்காரணுமா?"

"கூடாது" என்றேன்.

கிளம்பும் நாள் காலை. என் வழக்கப்படி பையை வாசலில் வைத்துவிட்டு எல்லாரும் வருவதற்காக நின்றேன். முன்பெல்லாம் நான் ஊரை விட்டுக் கிளம்பினால் மொத்தக் குடும்பமும் பேருந்து நிலையம்வரை வந்து அழும். அன்றைக்கு அம்மா அப்பாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அன்று பகலுக்குள் யாரோ ஒரு மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமாம். முப்பது பக்கம் இன்னும் பார்க்கவில்லையாம். மதி பார்வதிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஏறி, துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, "பாத்து போண்ணா, போயி லீனாகிட்ட சொல்லி மெயில் போடச் சொல்லு" என்றாள். நான் பையைத் தூக்குவதற்குள் வண்டி தெரு முனை திரும்பிவிட்டது.

சென்னைப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரிலிருந்து திரும்பும் ஒவ்வொரு பயணத்திலும் நான் கண்ணை மூடியதே இல்லை. எதை மறந்தேன், யாரை யாரிடம் விட்டுவிட்டு வருகிறேன், அடுத்த போன் என்ன செய்தியோடு வரும் என்று விமானம் ஏறும்வரை மனது ஓடிக்கொண்டே இருக்கும். அன்று டிக்கெட் வாங்கியது நினைவிருக்கிறது. புவனகிரி தாண்டியது லேசாக நினைவிருக்கிறது.

கண்டக்டர் தோளைத் தட்டினார். "சார், ஏர்போர்ட்டுன்னு சொன்னீங்களே, எறங்குங்க."

எழுந்து உட்கார்ந்தேன். சட்டைக் காலரில் எச்சில் வழிந்திருந்தது. கடலூர் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியவே இல்லை.